தவறணை அக்கா

பியர் குடிக்காத சனத்துக்கு, பியர் பரிமாறுகிற வேலையைப் பற்றிச் சொல்லப்போனால், ஒரு சொல் பிசகினாலும் கதை வேறு பக்கம் போய்விடும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டு, இந்த முறையும் தவறாகத்தான் சொல்லப்போகிறேன் என்ற பயத்தோடு தொடங்குகிறேன். ஊரில் கள்ளு விற்கிற இடத்தைத் தவறணை என்போம். சொல்லின் தலையிலேயே தவறு இருக்கிறது. அதைப் பற்றித் தவறில்லாமல் எழுதுவது எப்படி?

ஆகவே பெரிய விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடித்தேன். டுசல்டோர்ஃபின் பழைய நகரத்தில், ஆறு திங்கட்கிழமைகள், கடைக்குக் கடை மாறிப் போய்க் குடித்தேன். எதற்காக என்பது, ஐரோப்பாவில் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவிக் கை வெடித்த என் சகோதரிகளுக்கு விளங்கும். மற்றவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டலாம்.

பழையது

நான் வேலை செய்கிற கடையில் பின்பக்கம் பியர் காய்ச்சுவார்கள், முன்பக்கம் மரப்பீப்பாவில் இருந்து பிடித்து விற்பார்கள். இரண்டுக்கும் கீழே நிலவறையில் கோப்பை கழுவுகிற இடம். அங்கேதான் என்னைச் சேர்த்தார்கள். அந்த நகரத்துப் பியருக்குப் பெயர் 'அல்ட்'. எனக்கு ஜெர்மன் வகுப்பில் படிப்பித்தது, அல்ட் என்றால் பழையது, நொய் என்றால் புதியது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

முதல் கிழமை குளிரறையைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். மூலையில் ஒரு பெரிய வாளி. அதில் ஒட்டியிருந்த தாளில் தடித்த எழுத்தில் 'அல்ட்' என்று இருந்தது. பழையதை ஏன் வைத்திருக்கிறார்கள், பழுதானால் யாருக்காவது வயிறு கெடுமே என்று கவலைப்பட்டு, முழுவதையும் வடிகாலில் ஊற்றி, வாளியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். அது பன்றி இறைச்சிக் குழம்புக்காக அன்று காலைதான் பிடித்து வைத்த புத்தம்புதிய பியர். பழைய முறையில் காய்ச்சுவதால்தான் அந்தப் பெயராம். பின்னேரம் முழுக்க நிலவறை எங்கும் அந்த மணம் நின்றது.

சமையற்காரர் கத்திய கத்தலில் மேலே இருந்து யுப் இறங்கி வந்தார். யுப் அந்தக் கடையின் மூத்த பரிசாரகர். நீல ஏப்ரன் கட்டி வட்டத் தட்டத்தோடு திரிகிற இந்தப் பரிசாரகர்களை அந்த ஊரில் கோபெஸ் என்பார்கள். வாய்க்காரர்கள். வாடிக்கையாளரையே திட்டுவார்கள், வாடிக்கையாளர் அதற்காகவே வருவார்கள். யுப் வாளியைப் பார்த்தார், வடிகாலைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருடத்தில் பியரைக் கொலை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குளிப்பாட்டி இறுதிச் சடங்கு செய்தவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

கை

நாலு வருடம் கழுவினேன். விரல்களின் இடுக்கில் தோல் வெடித்து, பிறகு உள்ளங்கையும் வெடித்தது. பூசாத களிம்பு இல்லை. இரவில் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு படுத்தேன். தோல் வைத்தியர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்ணீரை விட்டு வெளியே வராவிட்டால் இந்தக் கை ஒரு வேலைக்கும் உதவாது என்று எழுதித் தந்தார். எனக்கு வேறு வேலை எது? சான்றிதழ் இல்லை, தொழிற்பயிற்சி இல்லை. அந்தத் தாளை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். காட்டினால் அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

நாலாம் நாள் முதலாளியம்மா பிரிகிட்டேயிடம் காட்டினேன். உலகக் கிண்ணப் பந்தாட்டம் ஜெர்மனிக்கு வந்த வருடம் அது. கோடையில் சனம் குவியும், மேலே பரிமாற ஆள் போதாது என்று அவ தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம். "மேலே வா" என்றா. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தா. "வருகிறவர் கேட்பார், அடுத்த தெரு அல்ட்டுக்கும் உங்களுடையதுக்கும் என்ன வித்தியாசம் என்று. தெரியாது என்று நீ சொன்னால், அவர் அடுத்த தெருவுக்குப் போய்த்தான் கண்டுபிடிப்பார்." எங்கள் கடையோடு சேர்த்து ஆறு கடைகளின் பெயரை எழுதித் தந்தா. கிழமைக்கு ஒன்று. பிறகு பெயர் ஒட்டாத ஆறு கிளாஸ் வைப்பா. அதில் எங்களுடையதைச் சொன்னால் நீல ஏப்ரன். சொல்லாவிட்டால் நிலவறை. நிலவறை என்றால் என் கை எவ்வளவு நாள் தாங்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்குகிறவர். சீனி வருத்தக்காரர், பியரைக் கையாலும் தொட்டதில்லை. அவருக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் ஒரே மூச்சில் சொன்னேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார், "கை சுகமாகுமோ?" "ஓம்" என்றேன். "அப்ப குடியும். வெறுவயித்திலை குடியாதையும், பித்தம். கடலை வறுத்துக் கொண்டு போம்."

கொலோன் சொல்

முதல் திங்கள், பின்னேரம் மூன்று மணி. கடை வாசலில் இரண்டு தரம் போய்த் திரும்பி, மூன்றாம் தரம் உள்ளே போனேன். கைப்பையில் கடலை. கொலோனில் இருக்கிற என் மச்சாள் ஒருமுறை சொல்லியிருந்தா, அங்கே பியரைக் 'கொல்ஷ்' என்றுதான் கேட்பார்களாம். அது பியருக்கு மரியாதையான சொல் என்று நினைத்துக்கொண்டு, குரல் நடுங்கக்கூடாது என்பதற்காகக் கொஞ்சம் பலமாகவே கேட்டேன்: "ஒரு கொல்ஷ், தயவுசெய்து."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. கொலோனுக்கும் டுசல்டோர்ஃபுக்கும் உள்ள சண்டை நிலவறையில் இருந்தவளுக்கு எங்கே தெரியும்? நல்லூர்த் தேரன்று நல்லூர் வீதியில் நின்றுகொண்டு, 'மாவிட்டபுரத்துத் தேர் போல வராது' என்று சொன்னதற்குச் சமம் அது. கோபெஸ் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். கொல்ஷ் முடிந்துவிட்டதாம், கிளாஸ் கழுவின தண்ணீர் இருக்கிறதாம், சுவையில் வித்தியாசம் தெரியாதாம்.

எல்லாரும் சிரித்தார்கள். எழும்பி ஓடலாமா என்று காலடியில் பையைத் தேடினேன். பையை எடுத்த கையில் வெடிப்பு எரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. "நாலு வருடமாகக் கிளாஸ் கழுவுகிறேன். இது கழுவின தண்ணீர் இல்லை. உங்கள் கிளாஸைப் பார்த்தால், இங்கே கழுவுகிற வழக்கமே இல்லைப் போல" என்றேன். என் வாயில் இருந்து வந்தது என்று எனக்கே நம்பிக்கை இல்லை. கோபெஸ் போய் அல்ட்டைக் கொண்டுவந்தார். பக்கத்து மேசைக் கிழவர் அவரைப் பார்த்துச் சொன்னார்: "ஏப்ரனைக் கழற்றி அந்த அம்மாவிடம் கொடு."

இலை மடிப்பு

மூன்றாம் கடையில்தான் ஆபத்து. அந்த ஊரில் கிளாஸ் வெறுமையானால் கேட்காமலே அடுத்ததைக் கொண்டுவந்து வைத்து, கிளாஸின் கீழே இருக்கிற வட்ட அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள். ருசி பார்க்க எனக்கு ஒன்று போதும். ஆனால் வைத்ததை மிச்சம் விட எனக்கு ஏலாது, அப்படி வளரவில்லை. இரண்டாவது முடிந்து மூன்றாவது வந்தபோது, நாங்கள் பந்தியில் செய்வதுபோல இரண்டு கையாலும் கிளாஸை மறைத்தேன். கோபெஸ் என் கையைப் பார்த்தார், புதிய கிளாஸைக் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அதையும் குடித்துவிட்டு யோசித்தேன். சாப்பாடு போதும் என்றால் என்ன செய்வோம்? இலையை மடிப்போம். கோடு போட்ட அட்டையை எடுத்து, நடுவில் பலமாக அமத்தி, என் பக்கமாக அழகாக மடித்து வைத்தேன். கோபெஸ் வந்தார். மடித்த அட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். பிறகு புதிய அட்டை ஒன்று போட்டு, பழைய கோடுகளைப் பார்த்து எழுதி, நாலாவது கிளாஸையும் வைத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மேசையில் நாய்க்குட்டியோடு இருந்த வயதான அம்மா எழும்பி வந்து, என் அட்டையை எடுத்துக் கிளாஸின் மேலே மூடிபோல வைத்தா. அவ்வளவுதான், கோபெஸ் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். டிராமில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுத் தரிப்பிடத்துக்கு மூன்று தரிப்பிடம் தாண்டித்தான் இறங்கினேன். அந்த அம்மா சொன்னது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது: "மகளே, இந்த ஊரில் மூடாத கிளாஸை நிரப்புவார்கள், மூடாத வாயைத்தான் அடைப்பார்கள்."

தூணுக்குப் பின்னால்

இவ்வளவுக்கும் என் பெரிய பயம் பியர் இல்லை. யாராவது தமிழாக்கள் கண்டுவிடுவார்களோ என்பதுதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு நான்தான் சமைப்பேன். இருநூறு பேர் என் கையால் சாப்பிட்டுவிட்டு என்னை அக்கா என்பார்கள். எனக்கு அந்த ஊரில் இருக்கிற ஒரே பெயர் அது. அதனால் ஐந்தாம் திங்கள், மழை இல்லாத நாளிலும், மழையங்கியின் தொப்பியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். வாசலில் இருந்து தெரியாத மேசை வேண்டும் என்று தேடிப் பெரிய தூணுக்குப் பின்னால் போனேன்.

அங்கே மாஸ்டர் இருந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பொறுப்பாளர். மேடையில் ஒழுக்கம் பற்றிப் பேசுவதற்கென்றே கண்ணாடி வைத்திருக்கிறவர். முன்னால் கிளாஸ், அட்டையில் நாலு கோடு.

"நான் ஒண்டுக்குப் போக வந்தனான், பிள்ளை" என்றார்.

"நான் வேலை விசயமா வந்தனான், மாஸ்டர்."

"பியர்க்கடைக்கை வேலை எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்?"

"ஒண்டுக்கு எண்டு சொன்னால் நம்புவினமோ?"

அவர் வாய் திறக்க முதல் கோபெஸ் வந்து, நிறைந்த கிளாஸை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "வழக்கமான ஐந்தாவது, வாத்தியார் ஐயா."

அடுத்த கிழமையே தமிழ்க் கடையில் அரிசி வாங்க நின்ற எனக்குப் பின்னால் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். எனக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது. தவறணை அக்கா. கதை எங்கே புறப்பட்டது என்று நான் கேட்கவில்லை. முந்திச் சொல்கிறவன் தப்பிவிடுவான் என்பது எனக்குத் தெரியாத பாடம் இல்லை.

வேப்பம்பூ

ஆறு கிளாஸ் வரிசையாக வைத்திருந்தார்கள். பிரிகிட்டே கையைக் கட்டிக்கொண்டு நின்றா. யுப் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலில் நேர்த்தி வைக்கலாமா என்று நினைத்து, இதற்கு எந்தச் சாமியிடம் போவது என்று விட்டுவிட்டேன்.

நான் படித்தவர்கள் சொல்வதுபோல ருசியைச் சொல்லமாட்டேன். என்னிடம் இருப்பது குசினிச் சொற்கள். ஒன்று சூளையில் சுட்ட பாண் கரையின் மணம். ஒன்று வறுத்த கொத்தமல்லி. ஒன்று வெந்தயம் கருகினது. ஒன்றில் ஒன்றுமே இல்லை, சும்மா நுரை. நாலையும் தள்ளிவிட்டேன். மிச்சம் இரண்டு. இரண்டும் வாயில் வைத்தவுடன் சீனிப் பாகுபோல இனித்து, விழுங்கின பிறகு வேப்பம்பூ வடகம்போல நாக்கின் அடியில் கசந்தன. மாறி மாறிக் குடித்தேன், பிடிபடவில்லை. பிரிகிட்டே மணிக்கூட்டைப் பார்த்தா.

எனக்கு அந்த வாளி நினைவுக்கு வந்தது. இரண்டு கிளாஸையும் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். அவர்களும் பின்னால் வந்தார்கள். முதலாவதை வடிகாலில் ஊற்றிக் குனிந்து மணந்தேன். இல்லை. சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மற்றதை ஊற்றினேன். முதல் கிழமை பின்னேரம் முழுக்க என் தலையில் நின்ற அதே மணம் எழும்பி வந்தது. "இதுதான் எங்களுடையது" என்றேன். பிரிகிட்டே கிளாஸின் அடியில் ஒட்டியிருந்த சின்ன அடையாளத்தைப் பார்த்துவிட்டு மேலே போய், நீல ஏப்ரனோடு இறங்கி வந்தா. யுப் தொப்பியைக் கழற்றியிருந்தார். "ஒரே பியருக்கு இரண்டாவது இறுதிச் சடங்கு" என்றார். "இனி இவளைக் கீழே வைத்திருந்தால் நமக்குத்தான் நட்டம்."

எழுத்துக்கூட்டு

பந்தாட்டக் கோடையில் ஒரு ஆங்கிலேயர் வந்தார். பந்தாட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நகரத்தின் ஒவ்வொரு பியர்க்கடையாகப் போய், மரப்பீப்பாவில் இருந்து பிடித்த பியரை மட்டும் குடித்து, சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறவர். யாரும் சொல்லாமல், யாருக்கும் பயப்படாமல், ஒரு மனிதர் தன் விருப்பத்துக்கு இதைச் செய்கிறார் என்று பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. இதன் ருசி என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முதலில் சீனி, பிறகு வேப்பம்பூ என்றேன். வேப்பம்பூ அவருக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் வீட்டில் இருந்து வடகம் நாலு பொரித்துக் கொண்டுபோனேன். ஒரு கடி வடகம், ஒரு மிடறு பியர். கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். யுப்பும் ஒன்று எடுத்தார், பிறகு கேட்காமல் இன்னொன்றும் எடுத்தார். ஆங்கிலேயர் புத்தகத்தைத் திறந்து பென்சிலை என்னிடம் நீட்டினார்: "நீங்களே எழுதுங்கள், அம்மா. நான் சொன்னால் எங்கள் ஊரில் ஒருவனும் நம்பமாட்டான்."

வாசல் மேசை

கோடை முடிய முதல் மாஸ்டர் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, இந்த முறை விழாவுக்கு நீர் சமைக்க வரத் தேவையில்லை. சனம் கதைக்குது." தொலைபேசியை வைத்துவிட்டு, களிம்பு பூசாமலே ஆறியிருந்த என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிரிகிட்டேக்குச் சொன்னேன். நல்ல மனுசி. பின் மண்டபத்து மேசைகளைத் தருவதாகச் சொன்னா. அங்கே யன்னல் இல்லை, தெருவில் இருந்து ஒருவருக்கும் தெரியாது, நான் பத்திரமாக இருக்கலாம். ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போது தூணுக்குப் பின்னால் இருந்த மாஸ்டரின் முகம் நினைவுக்கு வந்தது. யாரும் காணாத மேசையில் இருந்துகொண்டு அவர் எவ்வளவு பயப்பட்டார். எனக்கு அந்த முகம் வேண்டாம். "வெளியே, வாசல் மேசைகளைத் தாருங்கள்" என்றேன். வெளியே வெயில், மழை, புறா எச்சம் எல்லாம் உண்டு, யோசித்துக்கொள் என்றார் யுப். யோசித்தேன். ஆனாலும் போனேன்.

வாசல் மேசைக்காரர் முதல் நாளே ஒரு சிக்கலைக் கிளப்பினார்கள். கோபெஸ் என்பது ஆம்பிளைப் பெயர், என்னை எப்படிக் கூப்பிடுவது? "அக்கா" என்றேன். ஜெர்மன்காரருக்கு வாயில் சுலபமாக நுழைகிற சொல். ஒரு கிழமைக்குள் தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாஸ்டரும் மனைவியும் லண்டனில் இருந்து வந்த விருந்தாளி ஒருவருக்கு றைன் நதிக்கரையைக் காட்ட அந்தத் தெருவால் நடந்து வந்தார்கள். என் கையில் பன்னிரண்டு கிளாஸோடு தட்டம். நீல ஏப்ரன். ஒளிய ஒரு தூணும் இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்து என் மேசைகள் எல்லாம் சேர்ந்து "அக்கா, இன்னொன்று!" என்று கத்தின. விருந்தாளி நின்றுவிட்டார். "ஆர் இவ, எல்லாரும் அக்கா எண்டுகினம்?" என்று மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டிருந்தார்.

தட்டத்தில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. "வாங்கோ மாஸ்டர்" என்றேன். "ஒண்டுக்குப் போக வேணுமெண்டால் உள்ளுக்கை நேரை போய் வலக்கைப் பக்கம்."

மாஸ்டர் பெயர்ப்பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் மனைவிதான், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னா: "இவருக்கு இந்தத் தெருவிலை எல்லாக் கடையிலும் வழி தெரியும், பிள்ளை. நீர் உம்மடை வேலையைப் பாரும்."

அந்த வருட விழாவுக்குச் சாப்பாடு வெளியே எடுத்தார்கள், வடை ரப்பர்போல இருந்ததாம் என்று கேள்வி. பத்திரமாக இருப்பதற்காக நான் கடைசியில் செய்தது இவ்வளவுதான்: எல்லாரும் பார்க்கிற வாசலில் போய் நின்றுகொண்டேன், அன்றிலிருந்து அந்தத் தெருவில் தூண் தேடுகிறவர்கள் வேறு ஆட்கள்.